சேஞ்ச்லிங்கை மலையில் ஆடுவது: விதி சரி, வருடக் கணக்குதான் உதைக்கிறது

‘சேஞ்ச்லிங்: தி ட்ரீமிங்’ முதலில் 1995இல் ஒயிட் வுல்ஃப் வெளியிட்ட ஆட்டம். இப்போது கையில் கிடைப்பது 2017இல் ஆனிக்ஸ் பாத் கொண்டுவந்த இருபதாம் ஆண்டுப் பதிப்பு. மனித உடலுக்குள் குடியேறி உயிர்பிழைத்திருக்கும் ஃபேரிகளாக, அதாவது ஐரோப்பியக் கதைகளின் மாயக்குலத்தாராக, நாம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் ரோல்பிளே கேம் இது. நீலகிரியிலோ பழனி மலையிலோ ஏதாவது ஒரு பழைய காலத்தில் கதையை வைத்து நடத்த நினைப்பவர்களுக்கு இந்தப் புத்தகம் எவ்வளவு தூரம் உதவும் என்பதுதான் இங்கே பேச்சு. விதிகளை நம்பி வாங்கலாம். வரலாற்றுப் பகுதியைப் படித்துவிட்டு மூடி வைத்துவிட வேண்டும்.

முதல் சிக்கல் சொல்லிலேயே வருகிறது. ஃபேரிகளின் மந்திர சக்திக்குப் புத்தகம் வைத்திருக்கும் பெயர் கிளாமர். நம் மேசையில் அந்தச் சொல்லைச் சொன்னால் எல்லோருக்கும் சினிமா போஸ்டர்தான் கண்ணில் வரும். பத்து நிமிடச் சிரிப்பு உறுதி. ‘சொக்கு’ என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. சொக்கிப்போவது, சொக்கவைப்பது, சொக்குப்பொடி என்று குடும்பமே தயாராக இருக்கிறது. அதற்கு எதிர்ச்சக்தியான பனாலிட்டிக்குச் ‘சலிப்பு’. கனவு காணாத, எதற்கும் வியக்காத மனிதர்கள் பக்கத்தில் இருந்தாலே ஃபேரிக்குச் சலிப்பு ஏறும். அளவு மீறினால் தான் யார் என்பதே மறந்துபோகும். ஆட்டத்தின் உயிர் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே நடக்கும் இழுபறிதான். இதைப் புத்தகம் மிக நன்றாகச் செய்திருக்கிறது. கலைஞனைத் தூண்டி, அவன் படைக்கும்போது பொங்கும் சொக்கை அருகிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். அவனை உறிஞ்சிச் சக்கையாக்கியும் பிடுங்கலாம். இரண்டாவது வழி வேகமானது, சலிப்பைக் கொண்டுவருவது. விதியிலேயே அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது. எந்தக் காலத்துக்குக் கொண்டுபோனாலும் இது கெடாது.

கெடுவது நாள்காட்டி. புத்தகத்தின் வரலாறு இரண்டு ஆணிகளில் தொங்குகிறது. ஒன்று 1348: ஐரோப்பாவைக் கொள்ளைநோய் சூறையாடியபோது மனிதர் நம்பிக்கை இற்று, கனவுலகுக்கான வாசல்கள் சாத்திக்கொண்டன, அரச குலத்தாரான ஷீ பெரும்பாலும் தப்பிப்போனார்கள், எளிய குலங்கள் மனித உடலில் மாட்டிக்கொண்டன. மற்றொன்று 1969: நிலாவில் மனிதன் கால்வைத்த வியப்பில் வாசல்கள் திறந்து ஷீ திரும்பினார்கள். அதன்பின் கதை முழுக்க வட அமெரிக்காவில், கான்கார்டியா என்னும் அரசில், உயர்வேந்தன் டேவிடைச் சுற்றி ஓடுகிறது. நம் மலைக்கு இதில் ஒட்டும் இடம் மிகக் குறைவு. 1348இல் கொடைக்கானல் மேட்டில் எந்தக் கதவு சாத்தியது என்று கேட்டால் பதில் கிடையாது.

பதில் மலையிலேயே இருக்கிறது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 1838லிருந்து பதிவு இருக்கிறது, கடைசியாக 2018. வருடத்தைப் பன்னிரண்டால் வகுத்து மீதி 2 வந்தால் அது பூக்கும் வருடம் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும், அட்டவணை வேண்டாம். இப்போது புத்தகத்தின் இரண்டு ஆணிகளையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 1969க்கு மீதி 1. அடுத்த வருடமே பூ. கணக்கைப் பதிவுக்கு முன்னாலும் பின்னோக்கி ஓட்டினால் 1346 பூக்கும் வருடம். 1348 அதிலிருந்து இரண்டு வருடம் தள்ளி, குத்துகள் காய்ந்து நிற்கும் காலம். எழுதியவர்கள் குறிஞ்சியை நினைத்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் இப்படி ஒரு தற்செயல் கையில் வந்து விழும்போது ஆட்டத்தை நடத்தும் கதைசொல்லி அதை விட்டுவிடலாமா? மலையின் வாசல் என்றைக்குமே முழுதாகச் சாத்தவில்லை, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஓர் ஒருக்களிப்பாவது திறக்கும் என்று வைத்தால், எந்த நூற்றாண்டிலும் ஆடலாம்.

விதியில் இதைக் கொண்டுவர ஒரே ஒரு மாற்றம் போதும். பூக்கும் வருடத்தில் மந்திரத்துக்கான இலக்கு எண்ணில் 1 குறையுங்கள். அதற்கடுத்த வருடம் 1 கூட்டுங்கள். மற்றப் பத்து வருடமும் புத்தகத்தில் உள்ளபடி. பூத்து விதைத்தபின் குறிஞ்சிச் செடி முழுதாகக் காய்ந்து செத்துவிடும் என்பதால் அடுத்த வருடக் கூட்டலுக்கு நியாயமும் இருக்கிறது. ஒன்றுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். இலக்கு 8 என்றால் ஒரு பத்துமுகப் பகடைக்குச் சராசரி வெற்றி 0.2 (8, 9, 10 வெற்றி, 1 விழுந்தால் ஒன்று கழியும்). 7 ஆக்கினால் 0.3, அதாவது ஒன்றரை மடங்கு. 9 ஆக்கினால் 0.1, சரிபாதி. இன்னும் ஒன்று கூட்டி 10 ஆக்கினால் சராசரி பூச்சியம். வெற்றியும் சொதப்பலும் சரிக்குச் சரி, ஆடுபவர்கள் மந்திரத்தையே தொடமாட்டார்கள். நீலகிரியின் சில சரிவுகளில் பூப்பு வேறு வருடங்களில் விழுவதுண்டு, வேறு குறிஞ்சி இனங்களுக்கு வேறு கணக்கும் உண்டு. இரண்டு மலையையும் ஒரே கதையில் சேர்ப்பவர்கள் இதையே பகையாக்கலாம்: அங்கே வாசல் திறந்திருக்கும்போது இங்கே சாத்தியிருக்கும்.

ஃபேரி அவைகளின் கதையும் இப்படித்தான். ஃபேரிகளுக்குச் சீலி, அன்சீலி என்று இரண்டு அவை. பழைய நாளில் வருடத்தைப் பாதியாகப் பங்கிட்டு ஆண்டார்கள், மே மாதத் தொடக்கத்தில் ஒருமுறை, அக்டோபர் முடிவில் ஒருமுறை கைமாறும். அந்த இரண்டு கெல்டிக் பண்டிகைகளையும் இங்கே இறக்கினால் மழைக்கோட்டைப் பட்டுவேட்டி மேல் போட்டதுபோல இருக்கும். தை முதல் ஆனி வரை உத்தராயணம், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயனம். பாதிப் பாதி, கைமாறும் நாளும் ஊருக்கே தெரிந்த நாள். ஆடி பிறந்தால் அன்சீலி அவை கோல் ஏந்துகிறது. குறிஞ்சி பூப்பதோ ஆடியிலிருந்து புரட்டாசி வரை. ஆகவே ஒவ்வொரு பூப்பும் இருண்ட அவையின் ஆட்சியில்தான் விழும், சீலிக்காரர்கள் பன்னிரண்டு வருடமும் அதற்காகப் பொருமிக்கொண்டிருப்பார்கள். ஆட்டத்துக்கு வேண்டிய அரசியல் இலவசமாக வந்துவிட்டது. அன்சீலிப் பாதியைக் கெட்ட பாதி என்று தட்டையாக்கிவிட மட்டும் வேண்டாம். தீபாவளியும் கார்த்திகைத் தீபமும் அதற்குள்தான் வருகின்றன.

காலங்களுக்கு வருவோம். நான்கைத் தேறியவை எனலாம், ஒன்று அற்புதம்.

மிகப் பழையது பேகன் காலம். வையாவி நாட்டு ஆவியர் குடி, பழனி மலையும் அதன் அடிவாரமும். மயிலுக்குக் குளிரும் என்று போர்வை கொடுத்த அரசனைவிட ஃபேரிக் கதைக்கு ஏற்ற மனிதன் வேண்டுமா? அவன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தபோது, திரும்பிப் போ என்று கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் புறநானூற்றில் பாடியிருக்கிறார்கள். நான்கு புலவர், சொக்கு ஊறும் நான்கு கிணறு, ஒரே வாசலில் நின்று ஒரே காரியத்துக்காகப் பாடுகிறார்கள். ஆடுபவர்கள் நால்வர் என்றால் ஆளுக்கொரு புலவரைப் பிடித்துக்கொண்டு யார் பாட்டு அரசன் நெஞ்சைத் தொடும் என்று போட்டியே நடத்தலாம். திருமுருகாற்றுப்படையில் மலைச்சோலையில் ஆடும் சூரரமகளிர் வருகிறார்கள். அதில் வரும் திருவாவினன்குடி இதே பழனி அடிவாரம். ஷீ என்ற அயல்பெயரைத் தூக்கிவிட்டுச் சூரரமகளிர் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சொக்கு உறைந்துபோன சிறுபொருளுக்குப் புத்தகம் ‘டிராஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறது. பழனிக்கு அருகே பொருந்தலில் அகழாய்வில் கண்ணாடி மணிகள் ஆயிரக்கணக்கில் வந்தன, அவற்றைச் செய்த உலையும் கிடைத்தது. டிராஸ் என்றால் பொருந்தல் மணி, தீர்ந்தது. ஒரு மணிக்கு ஒரு புள்ளி சொக்கு, உடைத்தால்தான் வரும் என்று வைத்தால் கழுத்தில் கோத்த மாலை அப்படியே வெடிமருந்துப் பை ஆகிவிடுகிறது. மேசையில் நிஜப் பாசிமணியை வைத்து எண்ணிக்கொள்ளலாம்.

இந்தக் காலத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் சமையலறை. மிளகாய், உருளைக்கிழங்கு, கேரட், டீ எதுவும் கிடையாது. காட்டில் யூகலிப்டஸ் இல்லை, சீகை (வாட்டில் மரம்) இல்லை, பைன் இல்லை. தினை, ஐவன நெல், மூங்கிலரிசி, தேன், கிழங்கு இவைதான். பரண்மேல் உட்கார்ந்து தழல், தட்டை, குளிர் என்னும் ஓசைக் கருவிகளைக் கொண்டு கிளி ஓட்டும் பெண்கள், மலைச்சரிவில் வேங்கை, காந்தள். கண்ணேறு கழிக்க மிளகாய் வற்றலை எடுத்தால் ஆயிரத்தைந்நூறு வருடம் முந்திவிட்டீர்கள். அன்றைக்கு ஐயவி, அதாவது வெண்கடுகைப் புகைத்தார்கள்.

நடுக்காலத்துக்கு ஒரு தனிப் புத்தகமே இருக்கிறது: 2004இல் வந்த ‘டார்க் ஏஜஸ்: ஃபே’, கதைக்களம் 1230. அது தனித்து நிற்காது. அடிப்படை விதிக்கு 2002இல் வந்த ‘டார்க் ஏஜஸ்: வேம்பயர்’ வேண்டும், ஆக இரண்டு வாங்க வேண்டும். 1230 நமக்கும் சூடான வருடம்தான். சோழன் மூன்றாம் இராசராசன் தளர்ந்திருக்க, மாறவர்மன் சுந்தர பாண்டியன் எழுந்து நிற்க, ஒய்சளர் நடுவில் புகுந்த நேரம். ஆனால் அந்தப் புத்தகத்தின் அவைகள் வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு. மலையில் இலையுதிர் காலத்தை எங்கே போய்த் தேடுவது? நமக்குப் பெரும்பொழுது ஆறு, அதில் கூதிரும் முன்பனியும் குறிஞ்சிக்கே உரியவை. நான்கை ஆறாக்கினால் அவைக் கூட்டணிகள் சிக்கலாகி ஆட்டம் நொண்டும். கூதிர் அவை, முன்பனி அவை என்று இரண்டை மட்டும் வைத்தால் நன்றாக ஓடும். மந்திரங்களை வைகறை, பகல், அந்தி, இரவு என்று பொழுதால் பிரித்திருப்பது மட்டும் சிறுபொழுதோடு அழகாகப் பொருந்துகிறது. குறிஞ்சிக்கு யாமம் என்பதால் இரவுப் பிரிவை மலையில் வலுவாக்கலாம். இதற்காக இரண்டு புத்தகக் காசு கொடுக்க வேண்டுமா என்றால், வேண்டாம். 1117இல் ஒய்சள விஷ்ணுவர்தனனின் தளபதி புணிசன் தோடர்களை அச்சுறுத்தி நீலமலையைப் பிடித்ததாகச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது, 1118 கணக்குப்படி பூப்பு வருடம். இருபதாம் ஆண்டுப் பதிப்பை வைத்தே அதில் ஒரு குறுங்கதை ஆடிவிடலாம்.

நீலகிரியில் 1819 என்றால் ஜான் சல்லிவன் வந்த வருடம். கோயம்புத்தூர் கலெக்டர் மேலே ஏறி, 1822இல் கல் பங்களா கட்டத் தொடங்கி, ஏரி வெட்டி, இங்கிலீஷ் காய்கறி போட்டு, இருபது முப்பது வருடத்தில் மலையின் முகமே மாறியது. 1843இல் யூகலிப்டஸ், 1848இல் தாவரவியல் பூங்கா, 1860இல் சிங்கோனா. புல்வெளியும் சோலையும் தோட்டமாக மாறுவதே சலிப்பு ஏறுவதன் கண்ணெதிர் உருவம் என்று யாருக்கும் தோன்றும். தோன்றுவதால்தான் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை, எல்லோரும் இதையே எழுதுவார்கள். இங்கே விதியில் கவனிக்க வேண்டிய நுட்பம் இரும்பு.

ஃபேரிகளுக்கு எமன் ‘குளிரிரும்பு’. அதனால் செத்தால் மறுபிறப்பு கிடையாது. புத்தகத்தின்படி கரி நெருப்பில் உருக்கிய பச்சை இரும்புதான் குளிரிரும்பு, ஆலை எஃகு கணக்கில் வராது. இதைச் சரியாகப் படிக்காமல், 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்ததும் மலை முழுக்க இரும்புக்கோடு கிழித்து ஃபேரிகளைக் கொன்றுவிடும் கதைசொல்லிகள் உண்டு. தண்டவாளம் எஃகு. பல்சக்கரம் பிடித்து 12க்கு 1 ஏற்றத்தில் ஏறும் அந்த வண்டியைத் தொட்டால் ஃபேரிக்குக் காயம் வராது; நேர அட்டவணை, டிக்கெட், வகுப்புவாரிப் பெட்டி இவற்றால் சலிப்பு ஏறும், ஜன்னல் வழியே முதன்முதலில் மேகத்தைக் கீழே பார்க்கும் குழந்தையால் சொக்கும் ஊறும். இரண்டையும் ஒரே பெட்டியில் வையுங்கள். உண்மையான குளிரிரும்பு 1819இல் இருப்பது கொல்லர்களிடம். நீலகிரியில் கோத்தர்கள் கொல்லர், குயவர், இசைக்கலைஞர் எல்லாமே. கரி உலையில் அடித்த அரிவாள் ஃபேரிக்கு ஆபத்து, அதே ஊரில் ஊதும் கொளல் என்னும் குழல் ஃபேரிக்கு அமுதம். கொங்கு நாட்டு உக்கு (வூட்ஸ்) எஃகு குளிரிரும்பா இல்லையா என்று பழைய காலக் கதையில் கேள்வி வரும், புத்தகம் உதவாது. கரியில் செய்ததால் ஆம் என்று வைத்துக்கொள்வது ஆட்டத்துக்கு நல்லது. பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்புத்துண்டு வைக்கும் வழக்கத்தோடும் அது ஒத்துப்போகிறது.

கண்டிப்பான ஒரு விஷயம். தோடர், கோத்தர், குறும்பர், படகர், இருளர் யாரையும் ஃபேரிக் குலமாக்க வேண்டாம். ‘காட்டுவாசி மந்திரவாதி’ என்று குறும்பரை எழுத வருவது எளிது. அந்தப் பழியைச் சொல்லித்தான் 19ஆம் நூற்றாண்டில் குறும்பர்கள் இந்த மலையில் கொல்லப்பட்டார்கள். தோடர்களின் பால்கோயில் அரைப்பீப்பாய்க் கூரையும் குனிந்து நுழையும் குட்டி வாசலுமாகப் பார்த்தவுடன் ‘கனவுலகக் கதவு’ என்று கைதுறுதுறுக்கும். அது இன்றைக்கும் வழிபாட்டில் உள்ள இடம், விட்டுவிடுங்கள். கதவு வேண்டுமென்றால் பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் கல்திட்டைகள் இருக்கின்றன. நான்கு பலகைக்கல்லும் ஒரு மூடுகல்லும், உள்ளே உட்கார இடம். வரைபடம் கூட வேண்டாம், ஆடுபவர்கள் பாதிப்பேர் பார்த்திருப்பார்கள்.

இப்போது அந்த அற்புதம்: கொடைக்கானல், 1910.

1910ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மீதி 2, குறிஞ்சி வருடம். அதே வருடம் ஏப்ரல், மே மாதங்களில் ஹாலி வால்வெள்ளி வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. மே 18, 19 வாக்கில் பூமி அதன் வால் வழியாகப் போகிறது, வாலில் விஷவாயு இருப்பதாக நிறமாலை காட்டிவிட்டது என்று உலகமே நடுங்கியது. அதே மே மாதம் 6ஆம் தேதி ஏழாம் எட்வர்ட் இறந்தார்; வால்வெள்ளி தோன்றினால் அரசனுக்கு ஆகாது என்ற பழைய பேச்சு பலித்த மாதிரி. இந்தக் கூட்டத்தில் மலையுச்சியில் 2,343 மீட்டர் உயரத்தில் சூரிய ஆய்வுக்கூடம். 1899இல் நிறுவப்பட்டு 1901லிருந்து சூரியனைப் பதிவு செய்யத் தொடங்கிய இடம். சூரியக் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் அங்கே கண்டுபிடித்தது 1909 ஜனவரியில்.

அறிவியல் என்றாலே சலிப்பு என்று நினைக்கும் கதைசொல்லி இங்கே தவறிவிடுவார். புத்தகத்தின் சொந்த தர்க்கப்படியே, 1969இல் வாசலைத் திறந்தது ராக்கெட். வியப்பு எங்கே இருக்கிறதோ அங்கே சொக்கு. ஆகவே ஆய்வுக்கூடம் மலையின் மிகப்பெரிய சொக்கூற்று, அதைக் கைப்பற்ற இரண்டு அவையும் துடிக்க வேண்டும். எவர்ஷெட்டின் மனைவி மேரி சூரியப் பிழம்புகளை ஆராய்ந்தவர், தாந்தே கவிதையின் வானியலைப் பற்றி 1913இல் புத்தகமும் வெளியிட்டவர். அந்தப் புத்தகம் மனதில் உருவாகிக்கொண்டிருக்கும் 1910இல் அவர் வீட்டு விளக்கு வெளிச்சம் தெரியும் தூரத்தில் ஃபேரிகளான ஒரு பூதமும் ஒரு குறளியும் உட்கார்ந்திருந்தால் காட்சி தானாக நடக்கும். அவர்களையே ஃபேரியாக்கிவிடாதீர்கள். கனவு காண்பவர்களாகத் தூரத்தில் இருக்கட்டும்.

இந்தக் களத்துக்கு நெருக்கத்தில் வைத்துப் பார்க்கத் தக்க ஒன்று கோக்கர்ஸ் வாக். 1872இல் போட்ட பாதை, 1910இல் ஆட்கள் உலாவிக்கொண்டிருப்பார்கள். மாலைச் சூரியன் முதுகுப்பக்கம் தாழ்ந்து நிற்க, எதிரே பள்ளத்தாக்கில் மஞ்சு திரண்டிருந்தால், பார்ப்பவரின் நிழல் அதில் பூதாகரமாக விழும். தலையைச் சுற்றி வானவில் வளையம். வளையத்தை ஒவ்வொருவரும் தன் தலை நிழலைச் சுற்றி மட்டுமே காண்பார்கள், பக்கத்தில் நிற்பவர் தலைக்குத் தெரியாது. இதை அப்படியே விதியாக்குங்கள்: மனித உருவுக்குள் மறைந்திருக்கும் ஃபேரி உருவம் அந்த நிழலில் அவரவருக்கு மட்டும் தெரியும். தான் யாரென்று மறந்துபோன ஒருவரை மீட்க வேண்டுமானால் நாலரை மணிக்குக் கூட்டிப்போய் நிறுத்த வேண்டும், மஞ்சு வர வேண்டும், வெயிலும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்வதற்குப் பகடை உருட்டிப் பாருங்கள், ஒரு மாலை முழுக்க ஆட்டம் ஓடும். மதியத்தில் வைத்தால் காட்சி பொய்த்துவிடும், சூரியன் தாழ்ந்தால்தான் நிழல் மஞ்சில் விழும்.

1910இல் எதெல்லாம் இருந்தது? 1863இல் வெட்டிய ஏரி, 1895இல் வந்த செண்பகனூர் சேசு சபைக் கல்லூரி, 1901இல் தொடங்கிய பள்ளி, 1908இல் போட்ட பிரையண்ட் பூங்கா இருந்தன. குறிஞ்சி ஆண்டவர் கோயில் இல்லை, அது 1936. இந்தப் பிழையைச் செய்யாத கதைசொல்லி அரிது, ஏனென்றால் குறிஞ்சிக் கதைக்கு உச்சக்காட்சி வைக்க முதலில் தோன்றும் இடம் அதுதான். பைன் காட்டுக்குள் துரத்தல் காட்சியும் வேண்டாம். நட்டுச் சில வருடமே ஆன கன்றுகளுக்குப் பின்னால் பூதம் ஒளிய முடியாது. மோட்டார் ரோடு கிடையாது. அம்மையநாயக்கனூரில் ரயிலிறங்கி, மாட்டுவண்டியில் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்புக்கு வந்து, அங்கிருந்து நடை, மட்டக்குதிரை, இல்லையென்றால் டோலி. இந்த ஏற்றத்தையே முதல் அமர்வாக வைக்கலாம். சமவெளி வெக்கையிலிருந்து மேலே ஏற ஏற ஒவ்வொரு வளைவிலும் சலிப்பில் ஒரு புள்ளி தற்காலிகமாகக் கழிந்துகொண்டே வந்தால், உச்சிக்கு வரும்போது கண் திறந்திருக்கும். டோலி தூக்குபவர்களின் மூச்சிரைப்பையும் மறக்க வேண்டாம். யாருடைய முதுகில் ஏறி யார் கனவு காண்கிறார் என்ற கேள்வியை இந்தக் காலக் களம் தானாகவே எழுப்பும்.

ஆறு அமர்வு போதும். சித்திரை ஏற்றத்தில் தொடங்கி, வால்வெள்ளி தோன்றும் இரவில் இரண்டாவது, அரசன் இறந்த செய்தி தந்தியில் வரும் மூன்றாவது, ஆடி முதல் நாள் கோல் கைமாறும் நான்காவது, கடைசி இரண்டும் குறிஞ்சியில். பத்து அமர்வுக்கு இழுத்தால் வால்வெள்ளியின் பயம் ஆறிப்போய்விடும்.

1969, 1970 பற்றிச் சொல்ல அதிகமில்லை. புத்தகம் தானே அந்தக் காலத்தை நன்கு செய்திருக்கிறது. ஷீ திரும்பி வருவதை மட்டும் ஒரு வருடம் தள்ளிக் குறிஞ்சியோடு சேர்த்துவிடுங்கள். 1801இல் விருப்பாச்சி கோபால நாயக்கர் களமும் கவர்ச்சியானது, ஆனால் போர் விதிகள் இந்த ஆட்டத்தில் மந்தம். பத்துப் பேர் மோதும் சண்டை ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அதற்கு வேறு ஆட்டம் பாருங்கள்.

குலங்களை நம் பெயருக்கு மாற்றுவதில் சில இடம் தங்கம், சில இடம் தகரம். ட்ரோல் சத்தியம் மீறினால் வலுவிழக்கும் குலம். சிலப்பதிகாரத்தில் வரும் புகார் நகரின் சதுக்கப்பூதமும் பொய்ச்சாட்சியைப் பொறுக்காத பூதம். ஒரு வரி கூட மாற்ற வேண்டாம். எஷு மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மரபுப் பெயர், ஊர் சுற்றிக் கதை சொல்லும் குலம். நம் பாணர் பொருந்துவார்கள். எதையும் தின்னும் ரெட்கேப் இரத்தக் காட்டேரி. போகன் யாரும் பார்க்காதபோது மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் வேலையை முடிக்கும் வீட்டு ஏவல். குறளி என்று சொன்னால் பாட்டிகளுக்கும் புரியும். பொய்யே பேசும் பூக்காவுக்கும், கிசுகிசுப்பில் மட்டும் பேசும் ஸ்லூவாவுக்கும் நேர்ப்பெயர் அமைவதில்லை. இழுத்துப் பிடித்து ஒட்டவைக்காமல், கப்பலில் வந்து மலையேறிய அந்நியர்களாகவே விட்டால் 1819க்கும் 1910க்கும் சரியாக இருக்கும்.

மந்திரம் செய்யும்போது அற்பமான ஒரு சடங்கைச் செய்தால் இலக்கு எண் இறங்கும், அதற்குப் பெயர் பங்க். புத்தகத்தின் எடுத்துக்காட்டுகள் ஆங்கிலக் குழந்தை விளையாட்டுகள். இங்கேதான் நமக்குச் சொத்து கொட்டிக் கிடக்கிறது. விரல் சொடுக்கித் திருஷ்டி முறிப்பது, மூன்றுமுறை துப்புவது போன்றவை நொடியில் முடிபவை, அதனால் சிறிய சலுகை. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவதற்கு ஒரு நிமிடம், நடுத்தரச் சலுகை; நெடி வரவில்லை என்றால் மந்திரம் தோற்றது என்று வைத்தால் மேசையில் சிரிப்புக்குக் குறைவிருக்காது. வாசலில் புள்ளிக்கோலம் பிழையில்லாமல் போடுவது பெரிய சலுகை, ஆனால் புள்ளி கணக்குத் தப்பினால் திரும்ப முதலிலிருந்து. ஒரே சடங்கையே ஒவ்வொரு முறையும் செய்பவருக்கு மூன்றாவது தடவையிலிருந்து சலுகையை நிறுத்துங்கள், பழக்கமாகிவிட்டால் அது சலிப்பு.

வாங்குவதைப் பற்றி. பிடிஎஃப் போதும். அச்சுப் பிரதி தேவைக்கேற்ப அடித்துத் தருவது, கடல்தாண்டி வருவதற்குள் புத்தக விலையைத் தாண்டிச் செலவு போகும். குலங்கள், மந்திரக் கலைகள், சொக்கும் சலிப்பும் பற்றிய அத்தியாயங்களை மட்டும் அச்செடுத்துச் சுருள்கம்பி போட்டால் மேசைக்கு ஆகிவிடும். ஆளுக்குப் பத்துமுகப் பகடை எட்டாவது வேண்டும், நால்வருக்கு முப்பத்திரண்டு. கிடைக்காத ஊரில் சோழியை வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இலக்கு எண் 6க்கு மட்டும் சமாளிக்கலாம்: பத்தில் ஐந்து முகம் வெற்றி, சோழியும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. ஆனால் 1 விழுந்து வெற்றி கழிவது சோழியில் வராது, 7, 8 இலக்குகளும் வராது. குறிஞ்சி வருடக் கூட்டல் கழித்தல் முழுக்க அந்த எண்களில்தான் இருக்கிறது என்பதால், பேகன் காலத்து ஆட்டத்துக்குச் சோழி எவ்வளவு அழகாக இருந்தாலும் பகடையையே வாங்கிவிடுங்கள். சோழியைச் சொக்குப் புள்ளி எண்ண வைத்துக்கொள்ளலாம்.